மக்ரூன் ஏற்றிய பழைய பிக்கப்

வண்டிக்குப் பின்பட்டை மாற்றுகிறவனிடம், வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்வதற்காக யாரும் வருவதில்லை. அச்சுக்கு மேலே வில்லாக வளைந்து கிடக்கும் இரும்பு அடுக்கைத்தான் பட்டை என்கிறோம். துறைமுகச் சாலையில் இருபத்தெட்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு. வாடிக்கையாளர் சொன்ன ஒரு சொல்லுக்காகத் தூக்கம் கெட்டவர்கள் இதை வாசித்தால், நானும் உங்கள் கூட்டம்தான்.

இரண்டு பட்டை கூடுதல்

எஸ்தர் அக்கா நாசரேத்தில் மக்ரூன் என்கிற முந்திரி இனிப்பைச் சுட்டுத் தூத்துக்குடிக் கடைக்குக் கொண்டுவருபவர். அறுபது வயதிலும் அவரேதான் ஓட்டுவார். அவருடைய பிக்கப் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. பின்பக்கம் தொங்கி, நாய் உட்கார்ந்த மாதிரி வந்து நின்றது. தூக்கி நிறுத்தித் தாருங்கள் என்றார்.

இங்கே வருகிற வண்டியெல்லாம் உப்போ நிலக்கரியோ சுமப்பவை. அக்கா என்ன ஏற்றுவார் என்று நான் கேட்கவே இல்லை. புதுப் பட்டைகளோடு இரண்டு கூடுதலாகவும் வைத்தேன். எங்கள் வழக்கப்படி, பக்கத்துக் கிட்டங்கியிலிருந்து இருபது மூட்டை உப்பை ஏற்றிப் பார்த்தோம். இரண்டு விரல்தான் இறங்கியது. என்னோடு வேலை பார்க்கும் முத்துராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. "அண்ணாச்சி, இனி இதுல கப்பலையே ஏத்தலாம்."

ஒரு டின் தூள்

மூன்றாம் நாள் அக்கா வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு டின்னை என் மேசையில் வைத்துத் திறந்தார். முந்திரியும் சீனியுமாக வெள்ளைத் தூள். மக்ரூனுக்கு ஏது கனம்? முப்பது டின் ஏற்றினாலும் வண்டிக்கு அது காலிதான். கனத்துக்கென்று நான் வைத்த பட்டை, கனமில்லாமல் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளியிருக்கிறது.

அடுத்த லோடும் இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அக்காவை நம்பி நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரோட்டைக் குறை சொன்னேன். "ரோட்டைச் சொல்லாதீங்க தம்பி. நீங்க பின்னால ஏறி உட்காருங்க, நான் ஓட்டுதேன்."

பின்னால் ஒரு சவாரி

ஏறினேன். நான் பட்டை மாற்றிய வண்டி ஒன்றின் பின்னால் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. உப்பளச் சாலையில் இரண்டு கிலோமீட்டர். முதல் பள்ளத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் பள்ளங்களை எண்ணவில்லை. மீன் கூடையோடும் மூட்டையோடும் எத்தனை பேர் என் வேலையின்மேல் உட்கார்ந்து போயிருப்பார்கள்! ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லும்படி நான் நடந்துகொண்டேனா என்பதும் தெரியவில்லை. இறங்கும்போது முத்துராஜ் கைகொடுத்தான். "அண்ணாச்சி, நீங்க உடையலைல்லா?"

கடைசி டின்

இரண்டு நாள் வேலை. தடித்த அடுக்கைக் கழற்றிவிட்டு, நீளமாய், மென்மையாய் மூன்றே பட்டை. இடையில் ரப்பர். துள்ளலை அடக்கப் புது ஷாக் அப்சார்பர். இந்த முறை உப்பைத் தொடவில்லை. அக்கா முப்பது டின்னோடு வந்தார். அவர் சொல்லாமலே நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கடை வரைக்கும் அந்த டின்களையே பார்த்துக்கொண்டு போனேன். கும்பிட்டுப் பழக்கமில்லாத எனக்கு அதுதான் தெரிந்தது.

கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்தார். மக்ரூன்களின் கூர்முனை அப்படியே நின்றது. கடைசி டின்னில் மட்டும் நாலைந்து நொறுங்கியிருந்தன. அடுத்த லோடு எப்போது என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அக்கா அந்த டின்னிலிருந்தே முழுசாக ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "இது நீங்க சாஞ்சிட்டு வந்த டின் தம்பி. பட்டை மேல குத்தமில்ல."

எஸ்தர் அக்கா புண்ணியத்தில், வண்டியில் என்ன ஏற்றுவீர்கள் என்று இப்போது எல்லோரிடமும் முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் என்னைப் போலீஸ் ஆள் என்று நினைத்து அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.