மூடியளவு பிராந்தி

எங்கள் மலையில் சாவு பல வேஷம் கட்டி வரும். சில்வர் ஓக் கிளையாக வரும், அறுந்த மின்கம்பியாக வரும், பனிக்குள்ளிருந்து யானையாக வரும், சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பாட்டும் கூத்துமாக ஜீப்பாகவும் வரும். வேஷத்துக்கு ஏற்றபடி ஆபீசும் மாறும். யானை என்றால் வனத்துறை, கம்பி என்றால் மின்வாரியம், ஊசி மாறிப்போனால் ஆஸ்பத்திரி மேல் வழக்கு, தேயிலைக் காட்டில் வேலை நேரத்தில் என்றால் எஸ்டேட். செத்தவர் பாட்டுக்குப் படுத்திருப்பார். அவர் எந்த இலாகாவில் செத்தார் என்று கண்டுபிடிப்பது இருப்பவர்கள் பாடு.

என் தங்கை வீட்டுக்காரர் செத்தது ஜீப் இலாகாவில். சூரியநெல்லிக்கு மேலே, வேலை முடிந்து ரோட்டோரமாக நடந்து வந்தவரை, வளைவில் பிடி தவறிய ஜீப் அடித்துச் சாய்த்துவிட்டது.

மலையை விட்டு இறங்கி நான் குடியேறியிருந்த எலப்புள்ளியிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது, லயம் முழுக்க வக்கீல்களாக இருந்தார்கள். வரிசை வீடுகளின் வாசலுக்கு ஒருவர் வீதம் நின்று சட்டம் பேசினார்கள்.

"வேலைக்குப் போய்ட்டு வரையில நடந்தது. எஸ்டேட் மேலதான் போடணும்."

"அட, ஜீப்புக்கு இன்சூரன்ஸ் இருக்குல்லா? அங்கதான் கேக்கணும்."

"ரெண்டு பக்கமும் போடுவோம். எது விழுதோ விழட்டும்."

கடைசியாகப் பேசியவருக்கு லாட்டரிச் சீட்டு வாங்கும் பழக்கம் உண்டு.

கீழே கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த வக்கீலம்மா அந்தச் சீட்டைக் கிழித்துப்போட்டார். "ரெண்டும் பற்றில்ல சேட்டா, முடியாது. தொழிலாளி நஷ்டஈடு, இல்லேன்னா வாகன விபத்து. ஏதாவது ஒண்ணு. டிரைவர் மேல இருக்கற போலீஸ் கேஸ் தனி, அது அதோட வழிக்குப் போகும்." ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும் என்றார். வாகன விபத்து என்றே போட்டோம். அது வரைக்கும் எல்லாம் சரி. பிறகு ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய மகசரைப் புரட்டியபடியே கேட்டார்: "மரிச்ச ஆள் குடிக்குமோ?"

"குடிப்பாரு" என்றாள் தங்கை. வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "டீ. சர்க்கரை தூக்கலா."

என் மாப்பிள்ளைக்கு மதுவாடையே ஆகாது. கல்யாண வீட்டில் ஆண்கள் ஒவ்வொருவராகக் கொட்டகைக்குப் பின்னால் காணாமல் போகும்போது, இவர் மட்டும் பந்தியில் இரண்டாம் பாயசத்துக்குக் காத்திருப்பார். அப்படிப்பட்டவர் விழுந்த இடத்தில் காலி பிராந்தி பாட்டில் கிடந்ததாக மகசர் சொன்னது. இன்சூரன்ஸ்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்: போதையில் தள்ளாடி ஜீப்பின் முன்னால் அவரே வந்து விழுந்தார், பாதித் தப்பு அவருடையது. ரத்தத்தைச் சோதித்திருந்தால் ஒரு வரியில் தீர்ந்திருக்கும். யாரும் சோதிக்கவில்லை. பேசித் தீர்க்கும் அதாலத்தில் பாதித் தப்பை ஒப்புக்கொண்டால் சீக்கிரமே முடித்துக்கொள்ளலாம் என்று சமரசத் தூதும் வந்தது.

"பாதித் தப்புன்னா எந்தப் பாதிண்ணே? இடது காலா, வலது காலா?" என்றாள் தங்கை. சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அவள் கண் சிரிக்கவில்லை. "குடிச்சிட்டு விழுந்தாருன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டு, எம்புள்ள மொகத்துல எப்படி முழிப்பேன்?"

பாட்டில் எப்படி வந்தது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். ரோட்டில் அடிபட்டுச் செத்தவருக்கு மூன்றாம் நாள், விழுந்த இடத்திலேயே கூட்டாளிகள் படையல் வைப்பார்கள். டீ, பீடி, ஒரு குவார்ட்டர். அவர் விழுந்த அன்று ராத்திரியே பெய்த மழையில் மண் சரிந்து ரோடு நாலு நாள் அடைத்துக்கொண்டது. சரிவு நீக்கி போலீஸ் மேலே வருவதற்குள், குறுக்குவழியாக நடந்துபோய்ப் படையலை முடித்துவிட்டார் மாப்பிள்ளையின் உயிர்க் கூட்டாளி. சட்டம் தாமதமாக வந்தது. சடங்கு நேரத்துக்கு வந்துவிட்டது.

"ஏம்ப்பா, குடிக்காத மனுசனுக்குப் பிராந்தி எதுக்குங்க?" என்று கூட்டாளியிடம் கேட்டேன். எலப்புள்ளியில் குடியேறிய பிறகு, அங்கத்துப் பேச்சு வழக்கப்படி, கோபத்திலும் எனக்கு ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்கிறது.

"வெறும் டீ வச்சா ஊரு என்ன பேசும்? அதுவுமில்லாம, உசுரோட இருந்த வரைக்கும் ஒரு நாளாவது எனக்குக் கம்பெனி குடுத்திருக்காரா? இப்ப வேணாம்னு சொல்ல முடியாதுல்லா, அதான்."

கோர்ட்டில் வந்து இதைச் சொல்வாயா என்றதும் அவர் பார்வை அடுப்படிப் பக்கம் போனது. உள்ளே பாத்திரச் சத்தம். குடியை விட்டுவிட்டதாக மனைவி தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். அது நடந்தது படையலுக்கு முந்திய கோயில் கொடைத் திருவிழாவில்.

"கோர்ட்டுல உண்மையச் சொல்லணும், என்ன?" என்றார் தணிந்த குரலில்.

"ஆமா."

"எல்லா உண்மையுமா?"

விசாரணை நாளில் அவர் மனைவியும் வந்துவிட்டார். கோர்ட்டைப் பார்த்ததே இல்லையாம். நல்ல சேலை கட்டி, என் தங்கைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கூண்டில் நின்ற மனுஷன் அந்தப் பெஞ்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

படையலைப் பற்றிச் சொன்னார். எதிர்வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். செத்தவருக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டார்.

"ஒரு மூடி."

"ஆனால் பாட்டில் காலியாக இருந்ததே. ஒரு மூடி போக மீதி எங்கே? அதைக் குடித்தது செத்துப்போன அந்த ஆள்தானே?"

தங்கை முந்தானையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். கூட்டாளி ஒருமுறை கூரையைப் பார்த்தார். பிறகு முதல்முறையாகப் பெஞ்சைப் பார்த்தார்.

"செத்தவர் எப்படிய்யா குடிப்பாரு? மீதிய நான்தான் குடிச்சேன். அழுதுக்கிட்டே குடிச்சேன்."

கோர்ட் சிரித்தது. நீதிபதி தலையைக் குனிந்து ரொம்ப நேரம் எதையோ எழுதினார். பெஞ்சிலிருந்து மட்டும் ஒரு மூச்சு, இறக்கத்தில் பிரேக் போடும் லாரி மாதிரி. திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டாளி கடைசிவரை நின்றுகொண்டே வந்தார். மனைவி பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தார்.

தீர்ப்பு எங்கள் பக்கம். மாப்பிள்ளை குடித்திருந்ததற்கு ஆதாரமில்லை, தப்பு முழுக்க ஜீப்புடையது. அந்த வரியை மட்டும் தங்கை வக்கீலம்மாவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். தொகையை அவள் கேட்கவில்லை, நான்தான் கேட்டுக்கொண்டேன். வெளியே வந்ததும், "இத்தன நல்ல மனுசனா இருந்து என்னண்ணே கண்டாரு" என்று சொல்லி, அன்றுதான் சத்தம்போட்டு அழுதாள்.

தீர்ப்புக்குப் பிறகு வந்த நினைவு நாளில் அதே வளைவுக்குப் போனோம். தங்கை சர்க்கரை தூக்கலாக டீ போட்டுக் கொண்டுவந்தாள். கூட்டாளி இடுப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். அவர் மனைவி அதைப் பிடுங்கித் திறந்து மோந்து பார்த்தார். எலுமிச்சை சோடா. சரி, ஊற்றுங்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

ஊற்றிவிட்டு எல்லோரும் நடக்கத் தொடங்கினோம். தங்கை மட்டும் நின்று கூட்டாளி பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அந்தக் காலி பாட்டில எடுத்துக்கிட்டு வாங்க. இன்னொரு தடவ என்னால கோர்ட்டுக்கு அலைய முடியாது."