ஸ்பானிய வெள்ளியில் ஒரு பூ

எண்பதுகளில் மாங்குளம் தபாற்கந்தோரில் வேலை பார்த்தபோது, முள்ளிவாய்க்கால் மீனவர் ஒருவர் தன் வீட்டுப் பெட்டகத்தில் கிடந்த பழைய வெள்ளிக்காசை எனக்கு விற்றார். ஒரு பக்கம் ஸ்பானிய அரசனின் தலை. அவன் கன்னத்திலும் கழுத்திலும் சின்னச் சின்ன முத்திரைகள். நல்ல வெள்ளிதான் என்று சோதித்த சீன வணிகர்கள் குத்திய அடையாளங்கள் அவை. கடிதம் நிறுக்கும் தராசில் வைத்தேன். இருபத்தேழு கிராம், சரியான நிறை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. சந்தியில் கடை வைத்திருந்த நகைப் பத்தரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

பின்னேரம் போனபோது சிரித்தபடி நீட்டினார்.

"அசல் வெள்ளி தம்பி."

அரசனின் நெற்றியில் புதிதாக ஒரு பூ மினுங்கியது. பத்தர் தான் செய்யும் நகைகளில் குத்தும் அதே பூ!

"என்ன வேலை பாத்தனீங்கள்!" என்று கத்திவிட்டேன்.

"சோதிச்ச ஆக்கள் எல்லாரும் குத்தியிருக்கினம். நானும் சோதிச்சனான்தானே?"

காசை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

சில வருடங்களில் பூவும் கறுத்துவிட்டது. வவுனியாவிலிருந்து வந்த காசு சேகரிப்பாளர் ஒருவர், பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு முத்திரையாக ஆராய்ந்தார். பூவில் வந்து நின்றுவிட்டார்.

"இது அருமையான முத்திரை. எந்தத் துறைமுகத்து வியாபாரியோ தெரியேல்லை."

"மாங்குளம் சந்தி," என்றேன்.