மாமா எறிந்த பந்து

அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மாமா தொடர்ந்து விளையாடியிருப்பாரா? ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பேலில், ரூ காய் தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணியின் வேகப்பந்து வீச்சாளர் அவர். கடைசிப் பெரிய போட்டியில், கையை நீட்டி வீசாமல் முழங்கையை மடக்கி எறிகிறார் என்று அம்பயர் மூன்று முறை 'நோ போல்' கொடுத்தார். அதோடு அவருடைய கிரிக்கெட் முடிந்தது. தான் ஒருநாளும் அப்படி எறிந்ததில்லை என்று மாமா சத்தியம் செய்யாத கிழமை இல்லை. நாங்கள் நம்பினோம். அப்பா நம்புவதுபோல் இருந்தார்.

ஒரு ஞாயிறு மாமா என்னை வன்சேன் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். அங்கே சிலர் பேஸ்போல் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் உருண்டு வந்த பந்தை மாமா எடுத்தார். ஓடிவந்து, கையை நீட்டிச் சுழற்றி வீசினார். பந்து நிலத்தில் குத்தி எழும்பியது. எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் வந்து பிரெஞ்சில் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன்.

"ஓடக் கூடாதாம் மாமா. நிலத்திலை குத்தவும் கூடாதாம். கையை மடக்கி எறியட்டாம்."

மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எறிந்தார். பிடிப்பவரின் தோல் கையுறையில் பந்து அறைந்த சத்தத்தில் சிரிப்பு நின்றது. கைதட்டினார்கள். அடுத்த ஞாயிறும் கட்டாயம் வரச் சொன்னார்கள். மெற்றோவில் தோளைத் தடவியபடி, தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வீட்டிலை சொல்லாதை, பிள்ளை."

"ஏன் மாமா?"

"சும்மாதான்."

அந்தக் கிழமையே அவருடைய பழைய அணித் தோழர் ஒருவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். "என்ன மச்சான், பந்து பிடிச்ச கை இப்ப சவர்க்காரம் பிடிக்குதோ?" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா இப்பவும் எறிவார்! வெள்ளைக்காரர் எல்லாரும் கைதட்டினவை!" என்று எழுந்து, முழங்கையை மடக்கிச் செய்தும் காட்டினேன்.

வந்தவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அட, அந்த அம்பயர் பாவமடா! எத்தினை வருசம் அந்தாளைத் திட்டினனாங்கள்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகம் சிரித்தார். அது வேறு விளையாட்டு என்று சொல்ல எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த மாமா சொல்லவில்லை. எல்லோருடைய சாப்பாட்டுக் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். "வேலை இருக்கு" என்றார். அவருக்கு ஞாயிறு விடுமுறை என்பது எனக்குத் தெரியும். என்னில் என்ன கோபம் என்பதுதான் தெரியவில்லை.

இப்போது அவர் புறநகரான லெ பிளாங்-மெனிலில் தனியே இருக்கிறார். ஏழு வயதான என் மகன் பேஸ்போலில் சேர்ந்திருக்கிறான். எறியப் பழக்க ஒருவர் வேண்டும் என்று நச்சரிக்கிறான். மாமாவைக் கேட்க இரண்டு முறை தொலைபேசியை எடுத்து வைத்துவிட்டேன். கேட்டால், அவர் அந்தக் கடைசிப் போட்டியில் எறிந்தவர்தான் என்று நானும் சொல்வதாகிவிடாதா? கேட்காமல் விட்டால், அதை விட மோசமாகிவிடுமா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.