மாலை போடாத கார்த்திகை

ஈஜிபுராவில் என் எதிர்வீட்டில் வருடத்துக்கு ஒன்றரை மாதம் மட்டும் ஒரு நல்ல மனிதர் குடியிருந்தார். கார்த்திகை பிறந்ததும் வந்துவிடுவார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், வாயைத் திறந்தால் சரணம். சபரிமலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே ஆள் காணாமல் போவார். அவர் இருந்த இடத்தில் உத்தமன் வந்து உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் பாட்டிலோடு.

உத்தமனுக்கு ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். விரத காலத்தில் அவன் மனைவி ராதாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பத்து வயது குறைந்திருக்கும். மாலை கழற்றும் நாள் நெருங்க நெருங்க அந்த முகம் வாடும். அவர்களை மட்டும் சொல்வானேன், நான் பெர்னதெத், பள்ளிக்கூட டீச்சர், கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டு ஆண்களும் தவக்காலம் முழுக்கக் குடியை விட்டுவிட்டு, ஈஸ்டர் மதியம் பிரியாணியோடு திரும்பப் பிடித்துக்கொண்டவர்கள்தான். அதனால் இதைச் சொல்லிச் சிரிக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

போன வருடம் மாலையைக் கழற்றியபின் ஆரம்பித்த குடி பொங்கல் தாண்டியதும் எல்லை மீறியது. ஒரு நாள் காலை ஷிஃப்டில், ஓடுகிற மெஷினுக்குள் கையை விடப் போனவனைப் பக்கத்து ஆள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். கம்பெனியில் வேலையை விட்டு எடுக்கவில்லை. முதலில் வைத்தியம் பார், பிறகு வா என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் குடி மறக்கவைக்கும் வார்டில் கிடந்து, இளைத்துப்போய் வீடு திரும்பினான்.

குடியை விட்டால் வீடு சொர்க்கமாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆள் நடக்கும் சந்து. அங்கே டம்ளர் விழுந்தால் இங்கே என் பூனை எழுந்து ஓடும். அந்த மாதங்களில் பூனைக்குத் தூக்கமே இல்லை. பருப்பில் உப்பு கம்மி என்றால் சத்தம், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் சத்தம். ராதா என்னிடம் வந்து அழுதாள்.

"குடிச்சா கத்திட்டு தூங்கிடுவாரு டீச்சர். இப்ப முழிச்சிகினே கத்துறாரு."

அந்த வார்டில் மரியா என்று ஒரு கவுன்சிலர். அவர்தான் அவனுக்கு விளக்கினார். கோபமோ, துக்கமோ, சந்தோஷமோ, எது வந்தாலும் இத்தனை வருடம் மேலே சாராயத்தை ஊற்றி அமுக்கியாயிற்று, இப்போது எல்லாம் பச்சையாக மேலே வருகிறது, வரும்போதே வாயால் சொல்லிப் பழகு என்றார். உத்தமன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். தெருவே சிரித்தது.

"ராதா, எனக்கு இப்ப கோவம் வருது. உன்மேல இல்ல. மோட்டார் மேல."

டீக்கடையில் அவன் கூட்டாளி பாலகுமார் தனக்கு ப்ரமோஷன் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாலு பேர் நடுவில், "பாலு, எனக்குப் பொறாமையா இருக்குடா" என்றானாம். பாலகுமார் உடனே அவனுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். இவன் காது சிவக்கச் சிவக்க அதைத் தின்றானே தவிர, சொல்வதை நிறுத்தவில்லை. வாராவாரம் ஒரு சர்ச் அறையில், குடியை விட்டவர்கள் கூடித் தமிழில் பேசும் கூட்டத்துக்கும் போய்வந்தான். அங்கே பழக்கமானவர் ஹெர்பர்ட், பெயிண்டர். எப்போது கூப்பிட்டாலும் போனை எடுப்பார்.

கார்த்திகை வந்தது. ராதா புது வேட்டியும் மாலையும் முன்கூட்டியே வாங்கி சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டாள். உத்தமன் அதைப் பார்த்துவிட்டு, இந்த வருடம் மாலை போடப்போவதில்லை என்றான். அன்று சந்துக்கு இந்தப் பக்கம் நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"சாமி கழுத்துல இருந்தாதான் பயம் இருக்கும். இல்லன்னா உங்கள யாருங்க புடிச்சி நிறுத்துறது?" என்றாள் ராதா.

"மாலைன்னு ஒண்ணு போட்டா கழட்டுற நாள்னு ஒண்ணு வருது, ராதா. வருசா வருசம் சரணம் சொல்லும்போதெல்லாம் நான் அந்த நாளத்தான் நெனச்சிகினு இருந்தேன். சாமிக்கே தெரியும். இந்தத் தடவ எனக்குக் கழட்டுற நாளே வேணாம்."

அவளுக்கு அது புரியவில்லை. நிஜத்தைச் சொன்னால், எனக்கும் புரியவில்லை. இத்தனை வருடம் அவனைக் காப்பாற்றிய ஒரே கயிற்றை அவனே அறுக்கிறான் என்றுதான் தோன்றியது. மாலை போடவில்லை என்றால் குடிக்கப் போகிறான் என்று அர்த்தம், தெருவில் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் பிள்ளையார் கோயில் பஜனைக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் போனான். கறுப்பு வேட்டிக்காரர்களுக்குப் பின்னால் கட்டம்போட்ட சட்டையில் உட்கார்ந்து பாடினான். அன்னதானம் முடிந்ததும் அண்டா கழுவினான். மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் சாமி, சாமி என்று கூப்பிட்டுக்கொள்ள, இவனை மட்டும் "யோவ் உத்தமா, அந்தக் கரண்டிய எடு" என்றார்கள்.

"டீச்சர், அவமானமா இருக்கு" என்று என் வாசலில் நின்றான் ஒரு நாள்.

"அப்ப எதுக்குப் போற? வீட்ல இரேன்."

"வீட்ல தனியா ஒக்காந்தா என்மேல எனக்கே பாவமா வரும். அந்தப் பாவந்தான் என்ன பாருக்குக் கூட்டிட்டுப் போகும். அவமானம் பரவால்ல டீச்சர், அது வீட்டுக்குத்தான் அனுப்புது."

எனக்கு முதல்முறையாக அவன்மேல் மரியாதை வந்தது. நம்பிக்கை வரவில்லை. அது வேறு.

மலைக்குப் போன குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திரும்பியது. மதியத்துக்குள் எல்லோரும் மாலையைக் கழற்றிவிட்டார்கள். மூன்று மணிக்கு பாலகுமார், கையில் அரவணைப் பாயச டப்பாவோடு எதிர்வீட்டுப் படியேறினான். கீழே இரண்டு பேர் காத்திருந்தார்கள். பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு, ராதா உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்தினான்.

"எல்லாரும் பக்கத்து வீட்டு மொட்ட மாடில இருக்கோம். நீ இல்லாம என்ன குரு? ஸ்வல்ப, கொஞ்சமா, ஒரே ஒரு ரவுண்டு."

"பாலு, எனக்கு ஆசையா இருக்குடா." உத்தமன் குரலைத் தாழ்த்தவில்லை. "காலைல நீங்க வந்து எறங்குனதுல இருந்து ஆசையா இருக்கு. அதனாலதான் வரல."

ஆசையில்லை என்றிருந்தால் பாலகுமார் வற்புறுத்தியிருப்பான். இதைக் கேட்டதும் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனான். அவன் தலை மறைந்ததும் ராதா ஓடிவந்து கதவைச் சாத்தி, உள்ளே பூட்டுப் போட்டாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"கதவத் தெற, ராதா."

"முடியாதுங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

"பூட்டி வச்சா இதுவும் மாலைதான். எப்பவாச்சும் தெறப்பியே, அந்த நேரத்துக்கு நான் காத்துகினு இருப்பேன். தெறந்து வை. எனக்கும் பயமாத்தான் இருக்கு. தெறந்து வை."

பிறகு பூட்டு திறக்கும் ஓசை கேட்டது. கதவு அகலத் திறந்தது. உத்தமன் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டைகளை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, குழம்புக்குத் தோல் நீங்கப் பிதுக்க ஆரம்பித்தான். விரல்களில் பருப்பு வழுக்கி வழுக்கி ஓடியது. ஸ்பீக்கரில் போட்ட போனில் ஹெர்பர்ட், தன் சர்ச் பாடகர் குழுவில் நடந்த ஒரு சண்டையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவன் அதற்கு "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் இறங்கி வந்தது. ராதா அவனையே பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். திடீரென்று துணிப்பையை எடுத்தாள்.

"தேங்கா இல்ல. கடைக்குப் போய்ட்டு வரேன்."

மாலை கழற்றும் நாளில் அவள் வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. செருப்பை மாட்டினாள், படியிறங்கினாள், முனை திரும்பினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்தான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவன் கையிலிருந்து ஒரு பருப்பு துள்ளி, உருண்டு, வாசற்படியைத் தாண்டி விழுந்தது. உத்தமன் எழுந்து வெளியே வந்தான். ஒரு நிமிடம் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தான். குனிந்து அந்தப் பருப்பைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான்.