சூடடிக்கும் எந்திரமும் அப்பா சேர்த்த வரியும்

எங்கள் அப்பா மீசாலையில் நெல்வயல்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, டார்ம்ஸ்டாட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் எழுபத்தொன்பதாவது வயதில் கண்மூடினார். இடையில், புலம்பெயர்ந்து வந்த இந்நாட்டில் முப்பது ஆண்டுகள் கடைசல் பட்டறையில் உழைத்தார். பட்டினியையும் பார்த்தவர். ஆனாலும் அவர் முகம் சுளித்து மூத்த மகளான நான் கண்டதில்லை, தேநீரில் சீனி குறைந்த நாட்களைத் தவிர.

ஓய்வு பெற்றபின் கிராமத்துச் சங்கத்தின் பழைய நீராவி எந்திரம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்நாளில் அது பண்ணை பண்ணையாகப் போய்க் கோதுமைக் கதிரைச் சூடடித்து மணி பிரித்துக் கொடுத்ததாம். ஆண்டுதோறும் அறுவடை விழாவில் அதை ஓட்டுவார்கள். அப்பா விடியவே போய் நெருப்பு மூட்டுவார். வெள்ளைச் சட்டையோடு போய்க் கறுப்புச் சட்டையோடு திரும்புவார். அம்மா அதை வாசலிலேயே கழற்ற வைப்பார்.

விழாவுக்கு வருவோருக்கு எந்திரத்தின் வரலாறு சொல்வதும் அப்பாதான். மாரிக் குளிர்காலம் முழுவதும் ஆட்கள் தடியால் அடித்த கதிரை அது சில நாட்களில் முடித்ததைப் பெருமையாகச் சொல்வார். அந்த மாரிக்கூலியை இழந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனதையும் சொல்வார். சங்கத் தலைவர் ஹெல்முட்டுக்கு அது பிடிக்கவில்லை. விழாவில் சோகம் எதற்கு, அதை விட்டுவிடுங்கள் என்றார். அப்பா அன்றோடு விளக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

"சனம் பியர் குடிக்க வருகுது. நீங்கள் ஏனப்பா அதுகளை மினக்கெட்டு அழ வைக்கிறியள்?" என்று அம்மா கேட்டார்.

"போன ஆக்களை விட்டிட்டுச் சொன்னா அது அரைக்கதை. என்னால ஏலாது."

அடுத்த விழாவில் ஹெல்முட்டே பேசினார். அப்பா கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். முன்பு கையால் அடித்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று ஒரு முதிய பெண்மணி கேட்டார். ஹெல்முட் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா கரி படிந்த முகத்தோடு இறங்கி வந்து முழுக்கதையையும் சொன்னார். தன் பாட்டனாரும் அப்படிப் போனவர்தான் என்று அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னார். விழா கெட்டுப்போகவில்லை, பியரும் மிஞ்சவில்லை.

எந்திரத்தின் பக்கத்திலுள்ள பலகையில் போனவர்களின் கதையையும் எழுத ஹெல்முட் இணங்கினார். அப்போது அப்பா இன்னொரு வரியையும் சேர்க்கச் சொன்னார்.

அப்பாவை இறுதிவரை பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் உணவு கொண்டுவந்த உறவினர்க்கும் அயலவர்க்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அப்பா இல்லாதது வலிக்கிறது. ஆனாலும் அவரை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

இறுதிக் கிரியைக்கு வந்த ஹெல்முட், பலகையில் உள்ளதைப் படித்துக் காட்டினார். நான் அதைத் தமிழில் சொன்னேன்: "இந்த எந்திரம் வந்ததும் பலர் ஊரைவிட்டுப் போனார்கள்." அடுத்தது அப்பா சேர்த்த வரி: "போன இடத்தில் நன்றாகவே வாழ்ந்தார்கள்."