கிரீடக் கோபுரமும் மஞ்சள் கிரேனும்

ஆம்ஸ்டர்டாமில் என் மகள் இன்டர்வியூவுக்குப் போன காலையில், நானும் என் மனைவியும் ஊர் பார்க்கக் கிளம்பினோம். படிப்பு முடிந்துவிட்டது, இந்த வேலை கிடைத்தால்தான் அவள் அங்கே தங்க முடியும். பன்னிரண்டு மணிவரை அவளைக் கூப்பிடக் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். போனில் மேப் போட்டுத் தருகிறேன் என்றாள். "நடுக்கடல்ல வலை போட்ட எடத்தையே திரும்பப் போய்ப் புடிக்கிறேன், தெருவுல தொலைஞ்சிடுவனா?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

பொய்யில்லை. பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில், நாங்கள் கடலில் இருந்தபடியே கரையில் இரண்டு அடையாளம் பார்த்துக்கொள்வோம். லைட்ஹவுஸும் அதன் பின்னாலுள்ள ஒற்றைப் பனையும் ஒரே நேராக வந்தால் சரியான வழியில் இருக்கிறோம் என்று அர்த்தம். ஆம்ஸ்டர்டாமிலும் அதையே செய்தேன். மகள் வீட்டுப் பக்கத்துப் பாலத்திலிருந்து பார்த்தால், உச்சியில் நீலக் கிரீடம் வைத்த தேவாலயக் கோபுரமும் பின்னால் ஒரு மஞ்சள் கிரேனின் நீட்டிய கையும் ஒரே நேர். மனதில் குறித்துக்கொண்டேன்.

அரண்மனைக்குப் போனோம். இந்த ஊர் டச்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் எங்கள் பழவேற்காட்டை ஆண்டு விட்டுப்போனது ஒரு கல்லறைத் தோட்டம். என் மனைவி அண்ணாந்து பார்த்தாள். "பொணத்த நம்மூர்ல பொதச்சிட்டு, அரண்மனைய இங்க கட்டிக்கினாங்களா? வெவரமான ஆளுங்கதான்!"

பிறகு கிரீடக் கோபுரத்தைச் சுற்றினோம். கால்வாயில் கண்ணாடிக் கூரை போட்ட படகுகள் போயின. ஓட்டுகிறவன் பாலத்தில் இடிக்காமல் திருப்பியதைப் பார்த்து, பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

திரும்பும்போது கோபுரமும் கிரேனும் ஒரே நேராக வந்துவிட்டன. எங்கள் பாலத்தைத்தான் காணோம். எந்தக் கால்வாயைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. அப்போது அந்தக் கிரேனின் கை எங்கள் கண்ணெதிரே சாவகாசமாகத் திரும்பி வேறு பக்கம் போய் நின்றது.

என் மனைவி சிரித்துச் சிரித்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "ஆடுறத போயி அடையாளம் வெச்சியே! பொண்ணுக்குப் போன் போடுய்யா."

"அவ பேசினு இருப்பா. நடுவுல அடிச்சா பயந்துடுவா" என்றேன். குளிரில் விறைத்தபடி உட்கார்ந்திருந்தோம்.

பன்னிரண்டு அடித்துச் சற்று நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "வேலை கெடச்சிடுச்சி நைனா! எங்க இருக்கீங்க?"

"சும்மா காத்து வாங்கினு இருக்கோம்" என்றேன். மனைவி போனைப் பிடுங்கி, "தொலைஞ்சிட்டோம்டி" என்றாள். தெருப் பலகையிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தும் காட்டினாள்.

மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடுவித்துக்கொண்டு முதலில் அவள் கேட்டது, "மஞ்சக் கிரேனா நைனா?"

"உனக்கெப்டித் தெரியும்?"

"வந்த மொத வாரம் நானும் அத வெச்சித்தான் தொலைஞ்சேன். மழை வேற. ரெண்டு மணி நேரம் சுத்தினேன்."

ஒரு வருஷமாக இதைப் பற்றி எங்களிடம் மூச்சே விடவில்லை. "எனக்கொரு போன் போட்டிருக்கலாமே" என்றேன்.

"நீ கடல்ல இருந்தியே, நைனா. நடுவுல அடிச்சா பயந்துடுவ."