மூன்று பேருக்கான படகு

இல்லை, அவருக்கு நீந்தத் தெரியும். நன்றாகவே தெரியும்.

செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்டார்கள். நானும் இதையே சொன்னேன். சொன்னதும் அவர்கள் முகத்தில் சிறு ஏமாற்றம். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

மனுக்காவ் துறைமுகத்தில், படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில், அத்தானின் காருக்குள் இருந்து மெய்யியல் பாடப்புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் போலீஸ் கண்ணாடியைத் தட்டினார். அலுமினியப் படகில் போனவர்கள் உங்கள் ஆட்களா என்று கேட்டார். ஆம் என்றேன். மூன்று பேரைக் கரை சேர்த்துவிட்டோம் என்றார். நான்கு பேர் போனார்கள் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். செய்தி எனக்கு வந்தது அப்படித்தான்.

அமரர் நவரத்தினம் அவர்கள் என் அக்காவின் கணவர். எனக்கு நவம் அத்தான். ஊரில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்தவர். தொண்ணூற்றிரண்டில் அக்காவையும் என்னையும் அழைத்துக்கொண்டு ஓக்லாந்துக்கு வந்தார். மாசி என்ற புறநகரில் வாடகை வீடு. சான்றிதழ்கள் ஒரு நீலக் கோப்பில். அந்தக் கோப்பு போகும், திரும்பி வரும். மூன்றாம் முறை திரும்பி வந்ததை அவர் அலுமாரிக்கு மேலே வைத்தார். ஒனிஹங்காவில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

"பெட்டி மடிக்கிறதிலையும் ஒரு கணக்கு இருக்கு, வாணி" என்றார் முதல் நாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. அல்லது வந்ததை நான் பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் தேநீர் வேளையில் எல்லோரும் மீன்பிடிப்பதைப் பற்றியே பேசுவார்களாம். திங்கட்கிழமை முழுவதும் சனிக்கிழமையின் மீன். அத்தான் இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"திங்கட்கிழமை கதைக்கிறதுக்கு எனக்கும் ஒண்டு வேணும்."

அக்கா சிரித்தாள். "உங்களுக்கு மீனிலை முள்ளெடுக்கவே தெரியாது."

"முள்ளெடுக்கிறது உம்முடைய வேலை. பிடிக்கிறது என்ரை."

அவருக்கு மீன்பிடிச் சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான். எங்கள் வட்டார நூலகம் கழித்துவிட்ட பெட்டியில் கிடந்தது. அமெரிக்கச் சஞ்சிகை. மஸ்கி என்ற மீனைப் பிடிக்கப் புதிதாகத் தொடங்குகிறவர் என்னென்ன வாங்க வேண்டும் என்று அதில் நீண்ட கட்டுரை. மஸ்கி அங்குள்ள ஏரிகளில் வாழும் பெரிய நன்னீர் மீன். இந்த நாட்டில் அது கிடையாது. நான் அட்டையில் இருந்த மீனைப் பார்த்தேன். உள்ளே பார்க்கவில்லை.

அத்தான் உள்ளே பார்த்தார். பரீட்சைக்குப் படிப்பதுபோல் குறிப்பெடுத்தார். ஏழடித் தடி, எளிதில் வளையாதது. ரீல் ஒன்று போதும், ஆனால் நல்லது. மீனின் பல்லுக்கு அறுபடாதபடி தூண்டில் முள்ளுக்கு மேலே கம்பி. பெரிய வலை. படகு அகலமாக இருக்க வேண்டும். அடி தட்டை, விளிம்பு தாழ்வு. எழுந்து நின்று வீசினாலும் ஆடக் கூடாது.

ஒனிஹங்காவில் மீன்பிடிச் சாமான் கடைக்காரர் அந்தப் பட்டியலை வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். இந்த மீன் வேண்டுமென்றால் நீ விமானம் ஏற வேண்டும், மேட், என்றார். பிறகு நல்ல மனதோடுதான் சொன்னார்: மனுக்காவில் காற்று ஒரு பக்கம், வற்றும் தண்ணீர் மறுபக்கம். விளிம்பு உயர்ந்த, அடி கூரான படகாகப் பார்.

அத்தான் நன்றி சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: "சிரிச்சுப்போட்டுச் சொல்லுறதை எப்பிடி எடுக்கிறது?"

அச்சில் இருந்தது அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் அச்சை நம்பினார். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். நானும்தான்.

அகலமான, தட்டையான, பழைய படகு ஒன்று கிடைத்தது. பின்பக்கம் எஞ்சினுக்கு அருகில் சிறு தகடு: மூன்று பேர். ஆகவே உயிர்காப்பு அங்கிகளும் மூன்று வாங்கினார். அவருக்கு, அக்காவுக்கு, எனக்கு. எங்கள் பெயரை ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதினார்.

முதலில் பிடித்தது ஒரு கஹவாய். கம்பியும் பெரிய வலையும் தேவைப்படாத மீன். அடுத்த திங்கள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்: "இண்டைக்கு நான் கதைச்சனான். எல்லாரும் கேட்டவை."

இரண்டரை வருடத்தில் அவர் அப்படி வந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஹில்ஸ்பரோவில் இருக்கும் குலம் அங்கிள் நம்மவர் காரியங்களை முன்நின்று நடத்துகிறவர். அவர் வந்து எங்கள் முற்றத்தில் நின்ற படகைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன ஐசே, இஞ்சினியர் கடற்தொழிலுக்கு இறங்கிட்டீரோ? ஊரிலை தெரிஞ்சால் இந்தப் பிள்ளைக்கு ஆர் சம்பந்தம் பேச வருவினம்?"

"மீன் அதெல்லாம் கேக்கிறேல்லை, குலம் அண்ணை. இழுத்தால் வருகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்காவுக்குத் தலையிடி. நானும் அத்தானும் போவதாக இருந்தது. படகைக் காரில் கொழுவிக்கொண்டிருந்தபோது குலம் அங்கிள் வந்து இறங்கினார். மெல்பேர்னிலிருந்து வந்திருந்த அவருடைய மைத்துனர்கள் இருவர் கூட வந்தார்கள்.

"இவையளுக்கு உம்முடைய கப்பலைக் காட்டும், ஐசே."

கரைக்குப் போனோம். நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன். அதன் பிறகும் நான்கு பேர். அத்தான் தகட்டைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார்.

"அத்தான், நாலு பேர்" என்றேன், அவருக்கு மட்டும் கேட்க.

"ஓம். வீட்டுக்கு வந்த ஆக்களை எப்பிடி நீங்கள் நில்லுங்கோ எண்டு சொல்லுறது?"

பிறகு தன் அங்கியைக் கழற்றி குலம் அங்கிளிடம் நீட்டினார். அவர் வேண்டாம் என்று கை அசைத்தார். "போடுங்கோ அண்ணை. எனக்கு நீந்தத் தெரியும்." அக்காவின் அங்கி ஒரு மைத்துனருக்கு. என் அங்கி மற்றவருக்கு. கழற்றிக் கொடுத்தவள் நான். அவருக்கு வார் பூட்டத் தெரியவில்லை. அதையும் நானே பூட்டிவிட்டேன்.

காற்று மாறியது. வற்றும் தண்ணீருக்கு எதிராக அலை எழுந்து தாழ்ந்த விளிம்பால் உள்ளே வந்தது. படகு கவிழ்ந்தது. அத்தான் மூவரையும் கவிழ்ந்த படகைப் பிடிக்க வைத்தார். தானும் பிடித்துக்கொண்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். தண்ணீர் அவ்வளவு குளிர். அங்கி இல்லாத உடம்பைக் கைகள்தான் தாங்க வேண்டும். கை விறைத்த பிறகு நீச்சல் தெரிந்து ஒன்றும் ஆவதில்லை.

இளைய மைத்துனர் அக்காவிடம் சொன்னார்: "அக்கா, அவர் எங்களோடை கதைச்சுக்கொண்டே இருந்தவர். பிறகு கதைக்கேல்லை."

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் குலம் அங்கிள். மலரைத் தொகுப்பவரும் அவர்தான்.

"கல்விமான், அமைதியானவர், கடவுள் பக்தி உள்ளவர் எண்டு எழுது, பிள்ளை. போட் கதை வேண்டாம். மீன்பிடி அது இதெண்டு போட்டால் ஊரிலை வாசிக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்? விபத்து எண்டால் காணும். நாங்கள் எழுத வேண்டியது அவற்ரை குணத்தை."

"அப்ப நீங்கள் போட்டிருந்த ஜாக்கெட், அங்கிள்? அதையும் விடவோ?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"நான் கேட்டு வாங்கேல்லை, பிள்ளை. அவர்தான் தந்தவர்."

அது உண்மை. நான் என்னுடையதைக் கொடுத்ததும் யாரும் கேட்டு அல்ல. அவரோடு சண்டை பிடிக்க எனக்கு இடமில்லை. ஆனால் படகை விட்டுவிட்டு அத்தானின் குணத்தை எழுத என்னால் முடியாது. அவருடைய குணம் முழுவதும் அந்தச் சரிவில், அந்த ஐந்து நிமிடத்தில் இருந்தது. அதை நல்ல குணம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று பேருக்கான படகில் மூன்று பேர்தான் போகலாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்த இருவர் அங்கே நின்றோம். ஒருத்தி உயிரோடு இருக்கிறேன்.

செத்தவீட்டுக்குத் தொழிற்சாலையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றார்கள். திங்கட்கிழமை தேநீர் வேளையில் யாரும் மீன் பற்றிப் பேசவில்லை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஊரில் வாசிப்பவர்கள் இதையும் வாசிக்கட்டும்.

கடைசியாகப் பார்த்தது அவருடைய முதுகை. அக்கா பின்னிய நீல ஸ்வெட்டர். மற்ற மூவரும் மஞ்சளாக இருந்தார்கள். அவர் ஒருவர் மட்டும் நீலம். எஞ்சினை இழுக்கும் முன் திரும்பினார்.

"ஒண்டரை மணித்தியாலத்திலை வந்திடுவம். ஃப்ளாஸ்கை இறுக்கி மூடி வையும்."

மூடி வைத்தேன், அத்தான். போய் வாருங்கள்.

எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: "ஜாக்கெட் மஞ்சள் இல்லை, செம்மஞ்சள்." மேலே அந்தச் சொல்லை நான் இன்னும் மாற்றவில்லை, அச்சகத்தில் பிழை பார்க்கத் தரும் பிரதியில் மாற்றிவிடுவேன். பிறகு தாள்களை உறையில் போட்டு, குலம் அங்கிளிடம் கொடுக்காமல், பஸ் ஏறி நானே அச்சகத்துக்குக் கொண்டுபோனேன்.